மலைக்கு ஒரு பொது வார்ப்புக் கூடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகைத் தொழிலில் கணினி வடிவமைப்பும் முப்பரிமாண அச்சும் பரவிவருவது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இயந்திரங்களைப் பற்றி எழுதியிருந்தது எல்லாம் சரி. ஆனால் இனி ஆசாரியின் கைக்கு வேலை குறைந்துகொண்டே போகும் என்று முடித்திருந்தது எனக்கு ஒப்பவில்லை. நான் கணினியில் நகை வரைகிறவள். அப்பா பொன்னாசாரி. கோத்தகிரிக் கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பட்டறையில் அவருடைய பட்டடைக்கு எதிரேதான் என் மேசை. இரண்டு வேலையும் ஒரே அறையில் நடப்பதால் எது எங்கே தேவைப்படுகிறது என்று தினமும் பார்க்கிறேன். அதை வைத்தே, நகைகளை வார்த்து எடுக்க நீலகிரி மலைக்கு ஒரு பொதுக் கூடம் வேண்டும் என்று கேட்கிறேன்.

கட்டுரையில் விட்டுப்போன ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். கணினியில் வரைந்த தோட்டை அச்சு இயந்திரம் மெழுகிலோ, மெழுகு கலந்த பிசினிலோ மெல்லிய அடுக்குகளாக எழுப்பித் தருகிறது. அப்படி வந்த தோடுகளை ஒரு மெழுகுக் காம்பைச் சுற்றி ஒட்டி, உலோகக் குவளைக்குள் நிறுத்தி, ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றுவார்கள். மாவு இறுகியதும் குவளையைச் சூளையில் வைத்து 700 டிகிரிக்கு மேல் மெதுவாகச் சூடேற்றினால் உள்ளே இருப்பது எரிந்து போய்விடும். அந்த வெற்றிடத்தில் உருகிய தங்கத்தை ஊற்றிக் காற்றை உறிஞ்சி எடுக்க, மூலை முடுக்கெல்லாம் தங்கம் ஓடி நிரம்பும். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் பிடித்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுகிறார்களே, அதே முறைதான் இது. மெழுகைப் பிடிக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டிருக்கிறது. மற்றதெல்லாம் நம் ஊரில் பல நூறு ஆண்டுகளாக நடக்கிற வேலை. இதை அந்நியச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு.

கணினியால் எங்களுக்குக் கிடைத்த பெரிய நன்மை எடைக் கணக்கு. வரைந்த உருவத்தின் கன அளவை மென்பொருள் சொல்லிவிடும். 22 காரட் தங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 17.7 கிராம். பெருக்கிப் பார்த்தால் நகை என்ன எடை வரும் என்பது தங்கத்தைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துவிடும். மகள் கல்யாணத்துக்கு ஒரு சவரனுக்குள் ஜிமிக்கி வேண்டும் என்று ஒரு சிறு தேயிலை விவசாயி வந்தால், முன்பு அப்பா மனக்கணக்காகத்தான் சொல்வார். அரை கிராம் முன்பின் ஆகும். இன்றைய விலையில் அரை கிராம் தங்கம் என்பது தோட்டத்தில் இலை பறிக்கும் ஒருவருக்குப் பல நாள் கூலி. இப்போது ஜிமிக்கிக் குடையின் கனத்தைத் திரையிலேயே கொஞ்சம் குறைத்து, எடை எங்கே நிற்கிறது என்று காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகுதான் தங்கம் உருக்கும் மூசை அடுப்பில் ஏறுகிறது. சேதாரம் பற்றிய பேச்சுவார்த்தையும் சுமுகமாக முடிகிறது. பசுந்தேயிலை விலை விழும்போதெல்லாம் அடகுக் கடைக்குப் போய் வருகிற நகைகள் இவை. அவற்றில் ஒவ்வொரு மில்லிகிராமுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

இனி கை எங்கே வேண்டும் என்பதற்கு வருகிறேன். அரவேனு பக்கத்திலிருந்து ஓர் அம்மா ஒற்றைத் தோட்டோடு பட்டறைக்கு வந்தார். சமவெளியில் ஒரு பெரிய கடையில் வாங்கிய வார்ப்பு நகை. முகப்பு அழகு, கல் அசையவில்லை, காதுத் துளைக்குள் போகிற தண்டு மட்டும் பாதியில் முறிந்திருந்தது. கடையில் கேட்டதற்கு, நீங்கள் அழுத்தித் திருகியிருப்பீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அப்பா பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முறிந்த இடத்தில் ஊசி முனையைவிடச் சிறிய துளைகள். வார்ப்பில் தங்கம் ஆறிச் சுருங்கும்போதும், காற்று உள்ளே சிக்கும்போதும் வருகிற துளைகள் அவை. முகப்பில் ஒன்றிரண்டு இருந்தால் மெருகில் மறைந்துவிடும். தினமும் திருகி இழுபடும் தண்டில் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் ஒடிந்தே தீரும். அந்த அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை.

அப்பா மிச்சத் தண்டை வெட்டி எடுத்து அடியை அரத்தால் தேய்த்தார். ஒரு துண்டு 22 காரட் தங்கத்தை அடித்து நீட்டி, கம்பி அச்சின் பெரிய துளையில் தொடங்கிச் சிறிய துளை வரை ஒவ்வொன்றாக இழுத்தார். சில துளைகள் தாண்டியதும் கம்பி விறைத்துக்கொள்ளும். பழுக்கக் காய்ச்சி இளக வைத்து மறுபடி இழுக்க வேண்டும். அப்படி இழுபட்ட கம்பிக்குள் வார்ப்புத் துளைக்கு இடமே இல்லை. தோட்டின் முதுகில் அதை நிறுத்தி, வெண்காரம் தடவி, பற்றுப் பொடி வைத்து ஊதிப் பற்றவைத்தார். பற்றவைத்த சூட்டில் தண்டு மறுபடி இளகியிருக்கும் அல்லவா? அதனால் நன்றாக ஆறிய பிறகு குறட்டால் நுனியைப் பிடித்து மெல்ல ஒரு முறுக்கு. அந்த முறுக்கில்தான் தண்டு திரும்ப விறைக்கிறது. அதன் பிறகே திருகாணிக்கு மறை வெட்டினார். இந்த முறுக்கு எந்த மென்பொருளிலும் கிடையாது. எவ்வளவு முறுக்கினால் போதும், எங்கே நிறுத்தாவிட்டால் ஒடியும் என்பது அவர் மணிக்கட்டில் இருக்கிறது. “முகப்பை நீ எப்படி வேணும்னாலும் வரை. தண்டு மட்டும் என்கிட்ட விடு” என்றார். நான் வரையும் தோடுகளுக்குத் தண்டே கிடையாது. பின்புறத்தில் கம்பி உட்காருவதற்கு ஒரு சின்னக் குழி மட்டும் வைத்து அச்சுக்கு அனுப்புகிறேன்.

ரவை வேலையும் அப்படித்தான். ஜிமிக்கியின் விளிம்பில் வரிசையாக ஒட்டியிருக்கும் கடுகளவு மணிகளைச் சொல்கிறேன். மெல்லிய கம்பியைத் துணுக்குத் துணுக்காக வெட்டிக் கரித்தூளில் போட்டு ஊதினால், உருகும் தங்கம் தானாகவே உருண்டு மணியாகிவிடும். கணினியில் ஆயிரம் மணிகளை ஒரு நொடியில் வரிசையாக வைத்துவிடலாம். ஆனால் வார்த்து எடுக்கும்போது மணியும் தகடும் சேரும் இடுக்கில் தங்கம் நிரம்பி, மணிகள் பாதி புதைந்த மாதிரி மொண்ணையாக நிற்கும். கையால் வைத்த மணி தகட்டை ஒரு புள்ளியில்தான் தொடும். மணிக்கு அடியிலும் வெளிச்சம் போய் வருவதால் அந்த விளிம்பு மினுமினுக்கிறது. குடையை வார்ப்பில் எடுத்து, ரவையைக் கையால் வைத்தால் கூலி கொஞ்சம் கூடுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், விலையைப் பற்றி யாரும் வாதாடுவதில்லை.

இவ்வளவும் செய்ய எங்களுக்கு வார்ப்பு வசதி வேண்டும். அது மலையில் எங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. மேசை மேல் வைக்கிற சிறிய பிசின் அச்சு இயந்திரம் இன்று ஒரு நல்ல கைபேசியின் விலைக்குள் வந்துவிட்டது. என்னிடமும் ஒன்று இருக்கிறது. சூளை, வெற்றிட வார்ப்பு இயந்திரம், புகைபோக்கி என்று கூட்டினால் லட்சங்களில் போகும். தனிப் பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. அதனால் அச்சில் எடுத்த மாதிரியைப் பஞ்சில் பொதிந்துகொண்டு, தங்கத்தையும் மடியில் கட்டிக்கொண்டு, மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் போகிறேன். அங்கே செல்வபுரத்திலும் பெரிய கடைவீதியைச் சுற்றியும் வார்ப்புக் கூடங்கள் உண்டு. ஆனால் இரண்டு ஜோடித் தோட்டுக்காக யாரும் சூளை பற்றவைக்க மாட்டார்கள். அடுத்தவர் வேலையோடு சேர்த்து ஏற்றும்வரை காத்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் அதுவும் தள்ளிப்போகும். இன்னொரு வருத்தமும் சொல்ல வேண்டும். ஒரு கூடத்தில் நான் கொடுத்த வரைபடக் கோப்பு, நான் வரைந்த அதே வளைவுகளோடு வேறொரு கடையின் தட்டில் தோடாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். கேட்டால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. சொந்தக் கூடம் இல்லாதவர்களுக்குச் சொந்த வடிவமும் மிஞ்சாது.

மலைக்கென்று தனிச் சிக்கல்களும் இருக்கின்றன. பிசின் இயந்திரத்துக்கு அறை 25 டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. மார்கழி, தையில் இங்கே இரவில் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும், ஊட்டியில் உறைபனியே விழும். குளிரில் பிசின் கெட்டியாகி, அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தோடு பாதியில் உரிந்து தொங்கும். காற்று மழையில் மின்சாரம் போனாலும் அதே கதைதான். நான் இயந்திரத்தைப் பெட்டிக்குள் அடைத்து உள்ளே சூடேற்றி வைத்துச் சமாளிக்கிறேன். கோயம்புத்தூர் பயிற்சி வகுப்புகளில் இதையெல்லாம் சொல்லித் தருவதில்லை, அங்கே அந்தத் தேவையும் இல்லை.

தங்கம் விலை ஏற ஏற இங்கே இன்னொன்றும் நடக்கிறது. வீட்டில் இருக்கும் பழைய நகையைக் கொடுத்துப் புதியது வாங்குகிறவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். ஒரு படுகர் வீட்டுப் பாட்டியின் கனமான வெள்ளிக் காப்பு அப்படி எங்கள் தராசுக்கு வந்தது. உளியால் ஒவ்வொன்றாகக் குத்திய புள்ளிகள், இரண்டு முனையிலும் பூண். பல வருடம் போட்டுத் தேய்ந்து, உட்புறம் கண்ணாடி போல் வழவழவென்று இருந்தது. உருக்கக் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமை இல்லை, அவர்களுடைய பணத் தேவை அவர்களுக்கு. அனுமதி கேட்டு, நாலு பக்கமும் படம் எடுத்து, கனத்தையும் புள்ளிகளின் இடைவெளியையும் அளந்து கணினியில் ஏற்றி வைத்துக்கொண்டேன். அந்த வீட்டுப் பேத்திக்குக் கல்யாணம் வரும்போது, இப்போதைய கைக்கு ஏற்ற எடையில் அதே புள்ளி வரிசையைத் திரும்பச் செய்து கொடுக்க முடியும். ஆனால் ஒரு பட்டறையில் ஒருத்தி செய்து முடிகிற காரியமா இது? மலையின் எல்லாப் பட்டறைகளிலும் எல்லா அடகுக் கடைகளிலும் இப்படிப்பட்ட நகைகள் தினமும் உருகுகின்றன.

முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அருங்காட்சியகமும் இருக்கிறது. முப்பரிமாண வருடிக் கருவி (ஸ்கேனர்) ஒன்றை வாங்கி, ஊர் ஊராகப் போய் நகைகளைப் பதிவு செய்ய அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. முதலில் போக வேண்டியது இந்த மலையின் பழங்குடிகளான கோத்தர்களின் ஏழு ஊர்களுக்கும். இரும்பு, வெள்ளி, மரம், மண் என்று கைக்கு வந்த எல்லாவற்றிலும் வேலை தெரிந்தவர்கள் அவர்கள். பொன், வெள்ளி வேலையும் அவர்களுடையது என்று 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் குறிப்புகளே சொல்கின்றன. எங்களைப் போல் சமவெளியிலிருந்து வந்த ஆசாரிகள் இங்கே பட்டறை போடுவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலைக்கு நகைத் தொழில் தெரியும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தோடர் பூத்தையல் கோலத்தைப் பதக்கமாக வார்த்துத் தர முடியுமா என்று சுற்றுலாக் கடை நடத்தும் ஒருவர் என்னிடம் கேட்டார். செய்வது மிகச் சுலபம். வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிற வேலை அது. முன்கூட்டி வரைந்துகொள்வது கிடையாது. ஆனாலும் கணக்கு அவ்வளவு சுத்தம் என்பதால் கணினிக் கட்டத்தில் அப்படியே வந்து உட்கார்ந்துவிடும். நான் முடியாது என்றேன். அந்தத் தையல் போட்ட பூத்துக்குளி என்ற போர்வை இறந்தவர் மேலும் போர்த்தப்படுகிற துணி. எந்தக் கோலம் எந்தக் காரியத்துக்கு உரியது என்று மந்து என்ற தோடர் குடியிருப்புகளில் இருக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். அந்தத் தையலுக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாகர்கோவில் வடசேரியின் கோயில் நகைக்கு அதற்கும் முன்பே கிடைத்துவிட்டது. ஆனால் தோடர் பெண்களுக்குக் கிடைத்த குறியீடு தையலைக் காக்கும், அதே கோலம் தங்கத்தில் வந்தால் என்ன செய்வது? அவர்களைக் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன கோலத்துக்கு மட்டும் ஒவ்வொரு பதக்கத்திலும் அவர்களுக்குப் பங்கு கொடுத்துச் செய்வதுதான் முறை. பதிவு செய்கிற மையமும் இதை எழுத்தில் வைக்க வேண்டும்.

1.4.2023 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இடங்கள் கொண்ட அடையாளம் கட்டாயமாகியிருக்கிறது. கைபேசியில் அதைத் தட்டினால் தங்கத்தின் தூய்மை, விற்ற கடையின் பதிவு, சோதித்த மையம் எல்லாம் வருகின்றன. செய்த ஆசாரியின் பெயருக்கு அதில் ஒரு வரி ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? கைத்தறிச் சேலையில் நெய்தவர் படத்தோடு சீட்டு வைக்கிற கடைகளைப் பார்த்திருக்கிறோம்.

அப்புறம் கடன். கைவினைஞர்களுக்கான மத்திய அரசின் விஸ்வகர்மா திட்டம் 2023 செப்டம்பரில் வந்தபோது, 18 வயதிலேயே பிள்ளைகளைக் குடும்பத் தொழிலுக்குள் அது இழுத்துவிடும் என்று தமிழ்நாடு அரசு மறுத்தது. அதற்குப் பதில் 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் தொடங்கியது. 25 தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் கால் பங்கு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியிலும் சலுகை. நல்ல திட்டம், வயதுக் கவலையும் நியாயமானது. தாத்தா ஆசாரி என்பதற்காகப் பேரனைப் பள்ளியிலிருந்து நிறுத்திப் பட்டறையில் உட்கார வைத்த காலத்தை எங்கள் வீடும் பார்த்திருக்கிறது. ஆனால் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது என் போன்றவர்களை வெளியே நிறுத்துகிறது. எனக்கு 31 வயது. படித்து முடித்து, வேறு வேலையும் பார்த்துவிட்டு, நானே விரும்பி வந்தவள். எங்கள் குடும்பங்களில் பெண்களை ஊதுகுழல் தொட விட்டதே கிடையாது. கம்பிக்கு மெருகு போடுவது, கல் பொறுக்குவது, அதற்கு மேல் இல்லை. கணினி வந்ததால்தான் அப்பா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அதன் பிறகுதான் ஊதவும் கற்றுக்கொடுத்தார். கணினி வடிவமைப்பைச் சாதி பார்த்து யாரும் கற்றுக்கொள்வதில்லை. என்னோடு கோயம்புத்தூரில் படித்தவர்களில் ஆசாரி வீட்டுப் பிள்ளைகள் குறைவு. பட்டம் அல்லது பட்டயம் முடித்து, முறையாக வடிவமைப்புப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமாவது வயது வரம்பை 25 ஆகத் தளர்த்தினால், குலத்தொழில் என்ற பயத்துக்கு அங்கே இடம் இருக்காது.

தனித்தனிக் கடனைவிட முக்கியமாக நான் கேட்பது பொது வார்ப்புக் கூடம். மலையில் இருக்கும் அரசு தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றிலோ, மாவட்ட தொழில் மையத்தின் பொறுப்பிலோ ஒரு சூளை, ஒரு வெற்றிட வார்ப்பு இயந்திரம், குளிர் தாங்கும் அறையில் ஒரு அச்சு இயந்திரம், லேசர் பற்றவைப்புக் கருவி ஒன்று போதும். லேசர் எதற்கு என்றால், கல் பதித்த நகையைப் பழுது பார்க்கும்போது கல்லைக் கழற்றாமலே பற்றவைத்துவிடலாம். பற்றுப் பொடியும் வேண்டியதில்லை. ஒரு காலத்தில் கேடிஎம் என்று காட்மியம் கலந்து பற்றவைத்தார்களே, அந்தப் புகையை உள்ளிழுத்த தலைமுறையில் மூச்சுத் திணறலோடு இருக்கும் பெரியவர்களை எங்கள் சொந்தத்திலேயே எனக்குத் தெரியும். வாரத்தில் ஒருநாள் எல்லாப் பட்டறைகளின் மெழுகையும் சேர்த்து ஒரே சூளையில் ஏற்றினால் செலவு பங்காகிவிடும். வரைபடக் கோப்பை வேலை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்று விதி வைக்க வேண்டும். கற்றுக்கொடுக்க வெளியிலிருந்து ஆள் தேட வேண்டாம். கணினிக்கு நாங்கள் இருக்கிறோம். கம்பி இழுக்கவும் ரவை வைக்கவும் அப்பா வயதுக்காரர்கள் ஊட்டியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் இன்னும் பட்டறை நடத்துகிறார்கள். அவர்களுக்குப் பயிற்றுநர் சம்பளம் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். பார்வை மங்குவதற்குள் என்று அவசரமாகவே சொல்கிறேன். எழுபதை நெருங்கும் கைகள் அவை.

மாவட்ட தொழில் மையம் இதற்காக ஒரு கூட்டம் கூட்டினால் கோத்தகிரியில் இருக்கும் பட்டறைக்காரர்களை அழைத்துவர நான் பொறுப்பு. எந்த இயந்திரம் எவ்வளவு மின்சாரம் இழுக்கும், புகை எங்கே போக வேண்டும், எத்தனை பட்டறைகள் மாதம் எவ்வளவு வார்ப்பு கொடுக்க முடியும் என்ற விவரங்களை எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை வெளியிட்டால் அதன் நறுக்கையும் சேர்த்து மனுவாகக் கொடுக்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
நகை வடிவமைக்கும் ஒரு வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்